தீம் பார்க்குக்குச் சாப்பாடு கட்டுவது எப்படி: முதல் தடவை போகிறவர்களுக்கு

காலை ஒன்பது மணி. ஒரு தீம் பார்க்கின் வாசலில் நின்றுகொண்டு நாங்கள் நாலு பேரும் ஒரு லிட்டர் பழச்சாற்றை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் தாகம் இல்லை. பை சோதிக்கிறவர் பாட்டிலை வெளியே எடுத்து, விரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். 'டிங்' என்றது. "கண்ணாடி உள்ளே போகாது" என்று சொல்லிக் குப்பைத் தொட்டியைக் காட்டினார். கொட்ட மனசு வரவில்லை, குடித்தோம். முக்கால் மணி கழித்துப் பெரிய ரோலர் கோஸ்டரின் வரிசையில் பாதி வழியில் நின்றபோது அதன் பலன் தெரிந்தது. வெளியே போனால் மறுபடி கடைசியிலிருந்து நிற்க வேண்டும். சின்னவன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது.

இத்தனைக்கும் அந்தப் பூங்காவில் பழச்சாற்றுக்குத் தடையே இல்லை. தடை பாட்டிலுக்குத்தான். முந்தின ராத்திரி இரண்டு நிமிடம் விதியைப் படித்துவிட்டு பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போயிருந்தால் தொல்லையே இல்லை.

புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் பிக்னிக்குக்குக் கட்டுகிற மாதிரி கட்டுகிறார்கள். பெரிய டப்பா, தட்டு, கரண்டி, நாலு விதப் பதார்த்தம். ஆனால் தீம் பார்க்கில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். ரைடு ஓடுவது இரண்டு மூன்று நிமிடம். அதற்குக் காத்திருப்பது அரை மணி. கூட்டம் சேர்ந்த நாளில் ஒரு மணிக்கும் மேல். மீதி நேரம் நடை. உட்கார்ந்து விரித்துப் பரப்பிச் சாப்பிடுகிற நேரம் மொத்தமாகவே ஒரு முக்கால் மணிதான் கிடைக்கும். பசியும் சிணுங்கலும் வருவதோ வரிசையில் நிற்கும்போது. ஆகவே நான் கட்டுவது வரிசைச் சாப்பாடு: நின்றபடி, ஒரு கையால், சிந்தாமல் தின்னக்கூடியது. கீழே சொல்கிற எல்லாம் இந்த ஒரு யோசனையிலிருந்து வந்தவைதான்.

முதலில் விதியைப் பாருங்கள்

எல்லாப் பூங்காவுக்கும் ஒரே விதி கிடையாது. ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பூங்காக்களே வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். என் கணக்கில் மூன்று ரகம்.

தாராளமான ரகம் ஒன்று. புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டும் கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டும் இதில் சேரும். நீங்கள் தின்பதற்கான சாப்பாட்டைக் கொண்டுபோகலாம். சூடாக்க வேண்டியதாக இருக்கக்கூடாது, கண்ணாடிப் பாத்திரம் கூடாது (குழந்தை உணவுச் சின்னப் புட்டிகளுக்கு மட்டும் விலக்கு), மது கூடாது. 2019-லிருந்து உதிரி ஐஸ் கட்டியும் உலர் பனிக்கட்டியும் (டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு) அங்கே தடை. உறையவைத்த ஐஸ் பேக் பரவாயில்லை. டிஸ்னி வேர்ல்டில் பையின் அளவும் 24 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 61, 38, 46 சென்டிமீட்டர். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1843 முதல் நடக்கிற டிவோலி பூங்காவிலும் சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோய் உட்கார்ந்து சாப்பிடலாம்.

இரண்டாவது, பாதிக் கதவு திறந்த ரகம். யுனிவர்சல் ஆர்லாண்டோ இதற்கு உதாரணம். தண்ணீர் பாட்டில், சின்ன நொறுக்குத்தீனி, குழந்தை உணவு, மருத்துவக் காரணத்துக்கான உணவு எல்லாம் சரி. கெட்டியான சுவர் உள்ள ஐஸ் பெட்டி கூடாது. துணி கூலர் பை என்றாலும் 8.5 அங்குல அகலம், 6 அங்குல உயரம், 6 அங்குல ஆழத்துக்கு மேல் போகக்கூடாது. ஒரு ஆளின் டப்பா அளவுதான் அது. நாலு பேர் சாப்பாட்டை அதில் திணிக்கப் பார்க்காதீர்கள்.

மூன்றாவது கறார் ரகம். டோக்கியோ டிஸ்னிலேண்டில் கட்டிவந்த சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. அதற்கென்று வாசலுக்கு வெளியே பிக்னிக் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காக்களிலும் பொதுவாக வெளிச் சாப்பாடு கூடாது. குழந்தை உணவு, ஒவ்வாமை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

விதி மாறிக்கொண்டே இருக்கும் என்பதற்கு ஷாங்காய் டிஸ்னிலேண்ட் நல்ல சாட்சி. 2016-இல் திறந்தார்கள். 2017 நவம்பரில் வெளிச் சாப்பாட்டுக்குத் தடை போட்டார்கள். 2019-இல் ஒரு சட்ட மாணவி வாசலில் தன் நொறுக்குத்தீனியைப் பறிகொடுத்துவிட்டு நேரே நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். ஊரே பேசியது. அந்த வருடம் செப்டம்பரில் பூங்கா இறங்கிவந்து விதியைத் தளர்த்தியது. மாணவிக்கு 50 யுவான் இழப்பீடு கொடுத்துச் சமரசமாகியது. இப்போது அங்கே சூடாக்கவோ குளிரவைக்கவோ வேண்டாத, மூக்கைத் துளைக்கிற வாசனை இல்லாத சாப்பாட்டைக் கொண்டுபோகலாம். அந்தப் பெண்ணின் பிஸ்கட்டுக்கு இப்படி ஒரு வரலாறு.

அதனால் யாரோ மூன்று வருடம் முன்பு எழுதியதை நம்பிப் போகாதீர்கள். நான் மேலே எழுதியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போகிற வாரத்தில் பூங்காவின் சொந்த இணையதளத்தைத் திறந்து 'தடைசெய்யப்பட்ட பொருள்கள்' பக்கத்தையும் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' பக்கத்தையும் பாருங்கள். நான் தேடுவது இவைதான்: சாப்பாடு விடுவார்களா, தண்ணீர் மட்டுமா? டப்பா எதனால் ஆனதாக இருக்கலாம்? பை எவ்வளவு பெரிது? ஐஸ் எந்த வடிவில்? ஒருமுறை வெளியே போனால் அதே டிக்கெட்டில் திரும்ப உள்ளே விடுவார்களா? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே சாப்பாடு கூடாது என்றாலும் வெளியே போய்வர விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஒரே நிறுவனம் பக்கத்திலேயே தண்ணீர்ப் பூங்காவும் நடத்தினால் அதன் விதியைத் தனியாகப் படியுங்கள். கண்ணாடி விஷயத்தில் தண்ணீர்ப் பூங்காக்கள் கொஞ்சமும் இளக மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. எல்லாரும் வெறுங்காலில் நடக்கிற இடம். தண்ணீருக்குள் விழுந்த கண்ணாடித் துண்டு கண்ணுக்கே தெரியாது. ஒரு பாட்டில் உடைந்தால் குளத்தையே வடிக்க வேண்டிவரும். விலங்குகள் உள்ள பூங்காவில் வேறு மாதிரி: டிஸ்னியின் அனிமல் கிங்டமில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவும் பலூனும் கூடாது. காற்றில் பறந்து கூண்டுக்குள் விழுந்தால் விலங்கு விழுங்கிவிடும் என்ற பயம்தான் காரணம். உலர் பனிக்கட்டிக்குத் தடை ஏன் என்றால், அது ஆவியாகும்போது பல நூறு மடங்கு விரிந்து வாயுவாகிவிடும். இறுக மூடிய பாத்திரத்தில் இருந்தால் வெடிக்கும். வேறு சில தடைகளுக்கு ஒரே காரணம், உள்ளே அவர்கள் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள் என்பது. அதையும் தெரிந்துவைத்துக்கொள்வோம், சண்டைக்குப் போக வேண்டாம்.

மருந்து, ஒவ்வாமை, கைக்குழந்தை

கறாரான பூங்காக்கள்கூட இந்த மூன்றுக்கும் வழிவிடுவது வழக்கம். நீங்கள் செய்ய வேண்டியது, சோதிக்கிறவர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுவது. "இதில் குழந்தைக்கான பால் இருக்கிறது", "எனக்குச் சர்க்கரை நோய், இது மருந்தும் சாப்பாடும்" என்று பையைத் திறக்கும்போதே சொன்னால் பேச்சு வளராது. ஒவ்வாமை உள்ளவர்கள் கடைப் பொருளை அதன் உறையோடு கொண்டுபோவது நல்லது. உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்ற அச்சு இருந்தால் கேள்வியே வராது. மருத்துவரின் கடிதம் ஒன்றை போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று நாள் முன்பே பூங்காவுக்கு எழுதிக் கேட்டு, வந்த பதிலையும் போனில் வைத்திருங்கள்.

சர்க்கரை நோய்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இன்சுலினை ஐஸ் பேக்கோடு ஒட்டவைக்காதீர்கள். உறைந்துவிட்ட இன்சுலின் பயன்படாது. நடுவில் ஒரு துணியைச் சுற்றுங்கள். இன்னொன்று அனுபவத்தில் தெரிந்தது. பெரிய ரைடுகளில் பையைக் கொண்டுபோக விடமாட்டார்கள், லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். வரிசையோ லாக்கரிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும். சர்க்கரை இறங்கினால் பையில் இருக்கிற இனிப்பு உதவாது. குளுக்கோஸ் மாத்திரை உங்கள் சட்டைப்பையில், அதுவும் ஜிப் உள்ள சட்டைப்பையில் இருக்க வேண்டும். சர்க்கரை இறங்கும்போது உடனே ரத்தத்தில் சேரும் சர்க்கரை 15 கிராம் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது வழக்கமான முறை. அந்த அளவுக்கு எத்தனை மாத்திரை என்று வீட்டிலேயே எண்ணிவைத்துக்கொள்ளுங்கள்.

எதைக் கட்டுவது

ஒவ்வொரு பொருளையும் கட்டுவதற்கு முன் நான் ஒரு சோதனை வைப்பேன். ஒரு கையில் போன் அல்லது குழந்தை, முதுகில் பை, முன்னாலும் பின்னாலும் ஆள், வரிசை திடீர் திடீரென்று நாலடி நகர்கிறது. இந்த நிலையில் இதைத் தின்ன முடியுமா? தின்றபின் கை கழுவாமல் இருக்க முடியுமா?

ஆப்பிள் தேறிவிடும், வெட்டாத முழு ஆப்பிள். வெட்டினால் கறுத்து, பிள்ளைகள் தொடமாட்டார்கள். காய்ந்த திராட்சை, உலர்ந்த பழங்கள், வறுத்த கொட்டை வகைகள், உப்பு பிஸ்கட், சீஸ் துண்டு, நாலாக வெட்டின சாண்ட்விச், இறுக்கிச் சுருட்டி தாளில் சுற்றின ரொட்டி, எல்லாம் தேறும். பச்சைத் திராட்சையை முந்தின ராத்திரி உறையவைத்து டப்பாவில் போட்டால் வெயிலில் அதற்கு ஈடு இல்லை. பதினொரு மணிக்கு எடுத்தால் பாதி பனி, பாதி பழம்.

ஆரஞ்சு தேறாது. உரிக்க இரண்டு கையும் வேண்டும், சாறு முழங்கை வரை வழியும். வாழைப்பழம் பைக்குள் கூழாகிவிடும். பார்க்கிங்கில் வண்டியை விட்டு இறங்கியதும் தின்று முடித்துவிட வேண்டிய பொருள் அது. குழம்பு, தயிர், சாறு எதுவும் வேண்டாம். உருளை வறுவல் பாக்கெட்டில் பாதி காற்று. இடத்தையும் அடைக்கும், மத்தியானத்துக்குள் தூளாகியும் போகும். சாக்லேட் 30 டிகிரியைத் தாண்டியதுமே இளகத் தொடங்கும். முதுகோடு ஒட்டின பைக்குள் அந்தச் சூடு சாதாரணம். ஒருமுறை பைக்குள் கை விட்டு பிஸ்கட் என்று நினைத்து எடுத்தது, சாக்லேட் தோய்ந்த கார்ச் சாவி. அன்றிலிருந்து சாக்லேட் பூசின எதையும் நான் கட்டுவதில்லை.

சின்னக் குழந்தைகள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு தேவை. நாலு வயது ஆகாத குழந்தைக்கு முழுக் கொட்டைகள் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள். குறுக்கே வெட்டினால் அது இன்னும் உருண்டையாகவே இருந்து தொண்டையை அடைக்கும். உறையவைத்த முழுத் திராட்சை பெரியவர்களுக்குத்தான். ஓடிக்கொண்டு தின்பது, ரைடில் ஏறும்போது வாயில் எதையாவது மெல்வது இரண்டும் கூடவே கூடாது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும். ரோலர் கோஸ்டர் கிளம்புகிற நேரத்தில் வாயில் சூயிங்கம் எதற்கு?

அளவு என்று கேட்டால், ஒரு ஆளுக்கு வயிறு நிறைய ஒன்று, இடையில் கொறிக்க மூன்று சின்னப் பொட்டலம். அவ்வளவு போதும். முதல் தடவை போகிறவர்கள் இதைப்போல் இரண்டு மடங்கு கட்டுவார்கள், பாதியைத் திரும்பச் சுமந்துவருவார்கள். நாள் முழுக்க நடக்கப்போவது நீங்கள்தான். மூன்று பொட்டலத்தில் ஒன்றாவது உப்பு உள்ளதாக இருக்கட்டும். வியர்த்துக் கொட்டுகிற நாளில் இனிப்பு சீக்கிரம் திகட்டும்.

தண்ணீர்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் என்று எட்டுக் கிலோவை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காலி பாட்டிலை எடுத்துப் போய் உள்ளே நிரப்பிக்கொள்வதுதான் புத்தி. பல பூங்காக்களில் நிரப்பும் குழாய்கள் உண்டு, வரைபடத்தில் குறித்திருப்பார்கள். டிஸ்னி வேர்ல்டின் விரைவு உணவுக் கடைகளில் கேட்டால் ஒரு தம்ளர் ஐஸ் தண்ணீர் இலவசமாகவே தருகிறார்கள். எதுவும் வாங்கத் தேவையில்லை, கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீருக்கும் தீம் பார்க்குக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தபோது கொளுத்துகிற வெயில். குழாய் வேலைக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் கழிப்பறையா, குடிநீர்க் குழாயா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. கழிப்பறையை முடித்தார்கள். குடிநீர்க் குழாய்கள் வறண்டு கிடந்ததைப் பார்த்த கூட்டம், குளிர்பானம் விற்பதற்கான தந்திரம் இது என்று கொதித்துப்போனது. இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் நிரப்பும் குழாய் எங்கே என்று காலையிலேயே பார்த்துவைப்பது என் பழக்கம்.

கெடாமல் வைத்திருப்பது

இதை அலட்சியமாக விட்டால் அடுத்த நாள் வீட்டில் படுத்திருக்க வேண்டியதுதான். ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். தோதான சூட்டில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இறைச்சி, முட்டை, பால் பொருள், வெந்த சோறு போன்றவை குளிர்ச்சியில்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தூக்கிப் போட வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் அந்தக் கெடு ஒரு மணி நேரம்தான். வீட்டில் டப்பாவை மூடின நிமிடத்திலிருந்து கணக்கு ஓடுகிறது, பூங்காவுக்குள் நுழைந்த நிமிடத்திலிருந்து இல்லை. வீட்டிலிருந்து பார்க்கிங், அங்கிருந்து வாசல், சோதனை, முதல் ரைடு என்று மூன்று மணி நேரம் கண்ணெதிரே போய்விடும். சாப்பாடு கெட்டுப்போனதை மூக்கால் கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள்; நோய் தருகிற கிருமி எல்லாம் நாற்றம் தராது.

இரண்டே வழி. ஒன்று, கெடாத உலர்ந்த பொருளாகவே கட்டுவது. நான் முக்கால்வாசி இப்படித்தான். இன்னொன்று, ஐஸ். ஐஸ் பேக்குக்குப் பதில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை உறையவைத்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: காலையில் சாப்பாட்டைக் குளிரவைக்கும், மத்தியானம் குடிக்கவும் ஆகும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். அதனால் பாட்டிலை விளிம்பு வரை நிரப்பாமல் மேலே இரண்டு மூன்று விரல் காலி விடுங்கள், இல்லாவிட்டால் மூடி பிய்த்துக்கொள்ளும். ஆனால் உறைந்த பாட்டிலை விடுவார்களா என்பதையும் விதியில் பாருங்கள். சில இடங்களில் திரவமாக இருந்தால்தான் சரி என்பார்கள்.

பாட்டில் உருகும்போது வெளியே வேர்க்கும். அந்த ஈரம் ரொட்டியில் பட்டால் கூழ்தான். ஒரு சின்னத் துண்டில் சுற்றுங்கள். மத்தியானம் அதே ஈரத் துண்டு முகம் துடைக்க ஆகும். சாண்ட்விச்சில் தக்காளி மாதிரி நீர்விடுகிற எதையும் வைக்காதீர்கள். வெண்ணெயை ரொட்டியின் ஓரம் வரை தடவினால் ஈரம் இறங்காது.

சாப்பாட்டைக் காரிலேயே விட்டுவிட்டு மத்தியானம் வந்து சாப்பிடலாம் என்று ஒரு யோசனை வரும். மூடிய கார் வெயிலில் பத்து நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி ஏறிவிடும். நல்ல ஐஸ் பெட்டி இருந்தால் மட்டும் செய்யுங்கள். போக வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் பாருங்கள். பெரிய பூங்காக்களில் பார்க்கிங்கிலிருந்து வாசலுக்கே தனி வண்டி ஓடும். காரில் மத்தியானச் சாப்பாடு என்றால் ஒன்றரை மணி நேரம் போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பையை அடுக்கும் விதம்

சாப்பாடு எல்லாம் ஒரே பையில், அதுவும் உள்ளே இருப்பது தெரிகிற ஜிப் பைகளில். சோதிக்கிறவர் ஒரே பார்வையில் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். நாலு பேர் பையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைத்தால் நாலு பையையும் கிளறுவார்கள். எவர்சில்வர் டப்பா கெட்டிதான், ஆனால் உள்ளே என்ன என்று தெரியாததால் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்வார்கள். கத்தி வேண்டாம், பழம் நறுக்கும் சின்னக் கத்திகூட வேண்டாம். வெட்ட வேண்டியதை வீட்டிலேயே வெட்டுங்கள்.

நொறுக்குத்தீனியைப் பெரிய பொட்டலமாகக் கட்டாமல் ஆளுக்கொன்றாகப் பிரித்துவிடுவேன். வரிசையில் ஒரு பாக்கெட்டை நாலு கை மாறிக் கொடுத்துக்கொண்டிருந்தால் பாதி தரையில் போகும். "அவனுக்குத்தான் நிறைய" என்ற வழக்கும் வரும். அதோடு ஈரத் துடைப்பான் ஒரு பாக்கெட், குப்பைக்குக் காலிப் பை ஒன்று, ஈரத்தை நன்றாக உறிஞ்சுகிற காகிதத் துண்டு கொஞ்சம். இந்த மூன்றும் இல்லாமல் போன நாளில்தான் அவற்றின் அருமை தெரியும்.

வாசலில்

வரிசையில் நிற்கும்போதே ஜிப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். "சாப்பாடு இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒளித்துக் கொண்டுபோகிற வித்தைகளைப் பலர் பெருமையாகச் சொல்வார்கள். துணிக்கு அடியில் பிஸ்கட், குழந்தையின் டயப்பர் பையில் சாண்ட்விச். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாட்டினால் அவமானம், அதுவும் பிள்ளைகள் முன்னால்.

"இது கூடாது" என்று சொல்லிவிட்டால் வாதாடாதீர்கள். அந்த விதியை அவர் எழுதவில்லை. வாசலுக்கு வெளியே லாக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மட்டும் காரில் வைத்துவிட்டு வரலாம், அல்லது அங்கேயே சாப்பிட்டுவிடலாம். ஒரு லிட்டர் பழச்சாற்றைத் தவிர எதை வேண்டுமானாலும்.

எப்போது, எங்கே சாப்பிடுவது

சொந்தச் சாப்பாட்டின் உண்மையான லாபம் நேரம்தான். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை கடைகளில் கூட்டம் பிதுங்கும். நீங்கள் பதினொன்றுக்கே முடித்துவிடுங்கள். மற்றவர்கள் தட்டோடு மேஜை தேடி அலைகிற நேரத்தில் ரைடு வரிசை சற்றுக் குறைவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அப்புறம் இரண்டரை மணிக்கு ஒரு பொட்டலம், ஐந்து மணிக்கு ஒரு பொட்டலம். பிள்ளைகள் பசி என்று வாய்திறக்கக் காத்திருக்காதீர்கள். அவர்கள் அழுவது பசியால் என்று அவர்களுக்கே தெரியாது.

வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் சுழல்கிற ரைடில் ஏறாதீர்கள். ஒரு முக்கால் மணி நேரமாவது விடுங்கள். அந்த நேரத்துக்கென்று உட்கார்ந்து பார்க்கிற காட்சிகள், பூங்காவைச் சுற்றிவரும் ரயில், ஊர்வலம் ஆகியவற்றை ஒதுக்கிவையுங்கள். ஊர்வலத்துக்கு எப்படியும் அரை மணி முன்னால் இடம் பிடித்து உட்காருவீர்கள். பதினொன்றுக்குச் சாப்பிட முடியாமல் போனால், நாளின் பெரிய சாப்பாட்டுக்கு அதைவிடத் தோதான நேரம் கிடையாது.

கடைகளின் மேஜையில் உட்கார்ந்து சொந்தச் சாப்பாட்டைப் பிரிப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும்தான். கூட்டமான நேரத்தில், தட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கும்போது நாம் உட்கார்ந்து கொறிப்பது அழகும் இல்லை. பிரபலமான ரைடுகளைச் சுற்றித்தான் கூட்டம். பூங்காவின் ஓரங்களில், அதிகம் ஆள் போகாத காட்சிகளுக்குப் பக்கத்தில் நிழலோடு காலி பெஞ்சுகள் கிடக்கும்.

வரிசையில் தின்னும்போது கூரை போட்ட, காற்று வராத பகுதிக்குள் போய்விட்டால் வாசனையான எதையும் பிரிக்காதீர்கள். கொட்டை வகைகளையும் அங்கே தவிர்க்கலாம். ஒரு அடி தூரத்தில் நிற்கிற குழந்தைக்கு என்ன ஒவ்வாமை என்று நமக்குத் தெரியாது.

பறவைகளையும் லேசாக நினைக்காதீர்கள். கடற்கரைக்குப் பக்கத்துப் பூங்கா ஒன்றில் என் மனைவி சாண்ட்விச்சைப் பிரித்து, முதல் கடி கடிப்பதற்கு முன் என்னிடம் ஏதோ சொல்லத் திரும்பினாள். பின்னாலிருந்து ஒரு கடற்பறவை. சத்தமே இல்லை, தோளுக்கு மேல் வெள்ளையாக ஏதோ போனது, கையில் வெறும் தாள். அது பக்கத்துக் கூரையில் உட்கார்ந்து முழுவதையும் ஒரே விழுங்காக விழுங்கியது. அதற்குப் பின் முதுகுக்குச் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் உட்காருகிறோம். பறவைக்கோ அணிலுக்கோ நீங்களாகப் போடவும் போடாதீர்கள். இன்றைக்கு ஒருவர் போட்டால் நாளைக்கு இன்னொருவர் கையிலிருந்து பிடுங்கும்.

ஒன்றையாவது உள்ளே வாங்குங்கள்

எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய் ஒரு பைசா செலவழிக்காமல் திரும்புவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பக்கத்தில் நிற்கிற பிள்ளை கையில் ஐஸ்கிரீம், நம் பிள்ளை கையில் உப்பு பிஸ்கட் என்றால் அந்த முகத்தைப் பார்க்க முடியாது. காலையிலேயே சொல்லிவிடுங்கள்: ஆளுக்கு ஒன்று, என்ன வேண்டுமோ நீங்களே தேர்ந்தெடுங்கள், ஆனால் ஒன்றுதான். ஒன்றுதான் என்று தெரிந்தால் பிள்ளைகள் நாள் முழுக்க யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு கடை வாசலிலும் நடக்கிற பஞ்சாயத்து நின்றுபோகும்.

கடைசியாக ஒரு பொட்டலம். இதை யாரும் கட்டுவதில்லை. பூங்கா மூடி, பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் பார்க்கிங்கை விட்டு வெளியேறப் பார்க்கும்போது, கார் நகராமல் நாற்பது நிமிடம் நிற்கும். எல்லாரும் களைத்து, பசித்து, பேச்சுக்குப் பேச்சு சீறுகிற நேரம் அது. காலையில் இறங்கும்போதே உப்பு பிஸ்கட் ஒரு பாக்கெட்டும் தண்ணீர் பாட்டில் ஒன்றும் காரின் முன் சீட்டுக்கு அடியில், நிழலில் வைத்துவிட்டுப் போங்கள். சாக்லேட் பிஸ்கட் வேண்டாம்.